உள்பக்க நாற்காலி

பெரிய ஆர்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் இரண்டு இரண்டு பேராக உட்காருவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே ஸ்டாண்ட், அதன்மேல் இசைக்குறிப்பு எழுதிய ஒரே நோட்ஸ். பார்வையாளர் பக்கமாக இருப்பவர் வெளிப்பக்கம், அவருக்கு அடுத்தவர் உள்பக்கம். தாள் முடியும்போது உள்பக்கத்துக்காரர்தான் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பக்கத்தைத் திருப்ப வேண்டும். மற்றவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போவார். சென்னையில் எங்களுக்குப் பயிற்சி கொடுத்த இடத்தில், யாருக்கு மதிப்பெண் அதிகமோ அவருக்கு வெளிப்பக்கம் என்று வைத்திருந்தார்கள். நான் இரண்டு வருடம் உள்பக்கம் உட்கார்ந்தேன். எனக்கு வெளிப்பக்கம் உட்கார்ந்தவளுடைய அம்மா எங்கள் கழனியில் நடவு நட்டவர்.

இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். விட்டால் என் பொறாமை ஏதோ பாட்டைப் பற்றிய பொறாமை மாதிரி கௌரவமாகத் தெரியும். அது அவ்வளவு கௌரவமானதாக இருக்கவில்லை.

உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் எங்கள் கிராமம். நான் ஏழாவது படிக்கும்போது, காலனிப் பக்கம் இருந்த சர்ச்சுக்குச் சொந்தமான கூடத்தில் சனி ஞாயிறுகளில் இலவச வயலின் வகுப்பு ஆரம்பித்தார்கள். சென்னையிலிருந்து ஒரு மிஸ் வருவார். வெளிநாட்டுப் பாணி வயலின். கிராமத்துப் பிள்ளைகளைப் பிடித்து, பத்து வருடத்தில் சம்பளத்துக்கு வாசிக்கிற ஆர்கெஸ்ட்ராக்காரர்களாக ஆக்கிக் காட்டுவேன் என்று அவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் வந்து பேசினார். எங்கள் பக்கத்தில் ஆர்கெஸ்ட்ரா என்றால் திருவிழாவில் மேடை போட்டு சினிமாப் பாட்டு பாடுகிற கோஷ்டிதான். நைனாவும் அப்படித்தான் நினைத்தார்.

"இன்னா, ஊர் ஊராப் போயி ஆடிப் பாடப்போறியா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா, இது உக்காந்து வாசிக்கிறது. நூறு பேர் ஒண்ணா வாசிப்பாங்க."

"நூறு பேரா? நூறு பேர்ல நீ வாசிக்கிறது எப்படித் தெரியும்?"

அப்படிக் கேட்டவர் அடுத்த வாரமே சென்னைக்குப் போய் எனக்கென்று ஒரு வயலின் வாங்கிவந்தார். வகுப்பில் சொந்த வயலின் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்களெல்லாம் மிஸ் கொண்டுவந்த பழைய வயலின்களை வகுப்பு முடிந்ததும் பெட்டியில் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஒரு வருடம் நான்தான் வகுப்பில் முதல். அந்த ஒரு வருடத்தை இப்போது நினைத்தாலும் நன்றாக இருக்கிறது.

அடுத்த வருடம் அவள் வந்து சேர்ந்தாள். என் வயதுதான், வேறு பள்ளிக்கூடம். ஒல்லியாக, நெற்றியில் ஒரு தழும்போடு, யாரையும் நேராகப் பார்த்துப் பேசுகிறவள். அவள் அம்மா எங்கள் கழனியில் நடவுக்கும் களையெடுப்புக்கும் வருகிறவர் என்பதால் எனக்கு அவளை முன்பே தெரியும். அவர்கள் கிறிஸ்தவர்கள். சர்ச்சில் கேட்டுக் கேட்டுப் பாட்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஒரு சனிக்கிழமை மிஸ் நான்கு வரி மெட்டு ஒன்றை வாசித்துக் காட்டிவிட்டு, "யாருக்கு எது ஞாபகம் இருக்கோ வாசிங்க" என்றார். நான் முதல் வரியை வாசித்தேன். அவள் நான்கையும் வாசித்தாள். வில் கோணலாகத்தான் போனது, விரல்கள் தப்பான இடத்திலிருந்துதான் கிளம்பின. ஆனால் சத்தம் சரியாக இருந்தது. சாக்பீஸ் எடுக்கத் திரும்பியிருந்த மிஸ் அப்படியே நின்று அவளைப் பார்த்தார். என்னை அவர் நிறையப் பாராட்டியிருக்கிறார். அப்படி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. அம்மாவிடம் வயிற்றுவலி என்று சொன்னேன்.

சீக்கிரத்திலேயே மிஸ் அவளுக்கு ஒரு வயலினை வீட்டுக்கு எடுத்துப் போகக் கொடுத்தார். ஆனால் அவள் வீட்டில் வாசிக்க இடமில்லை. ஒரே அறை, அதில் ஐந்து பேர். அவள் அம்மா ஒருநாள் நைனாவிடம் வந்து, "மோட்டார் கொட்டாய்ல உக்காந்து சித்த நேரம் வாசிச்சுக்கட்டுமா? அங்க யாருக்கும் தொந்தரவு இல்ல" என்று கேட்டார். நைனா சரி என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து தினமும் மாலை எங்கள் மோட்டார் கொட்டகையிலிருந்து அவள் வயலின் கேட்கும். மோட்டார் ஓடும்போது கேட்காது. மோட்டார் நின்றதும் கேட்கும். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான் வயலினோடு நின்றுகொண்டு, நான் வாசிக்காமல், அவள் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நான் ஒரு வாரமாகத் திணறிக்கொண்டிருக்கும் இடத்தை அவள் அன்றைக்கே தாண்டிப் போயிருப்பாள்.

ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு நைனாவிடம் சொன்னேன்.

"நைனா, அந்த மோட்டார் ரூம்ல வொயரெல்லாம் தொங்கிக்கினு கீது. தரை வேற ஈரம். அது உள்ள உக்காந்துக்கினு கீதே, ஷாக் கீக் அடிச்சா நாமதான பதில் சொல்லணும்?"

வயர்கள் தொங்கியது உண்மைதான். அவை நான் பிறந்ததிலிருந்தே தொங்கிக்கொண்டிருந்தன. நைனா யோசித்துப் பார்த்துவிட்டு, "நீ சொல்றதும் சரிதான்" என்றார். மறுநாள் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டார். அவள் அம்மா பூட்டைப் பார்த்துவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு வழக்கம்போலப் போனார்.

அதற்குப் பிறகு அவள் காலை ஐந்து மணிக்கு எழுந்து, சர்ச் கூடத்தின் சாவியை வாங்கி, பள்ளிக்கூடம் போகும்வரை அங்கே வாசித்தாள். அதாவது மாலையில் ஒரு மணி நேரம் வாசித்தவள் காலையில் இரண்டரை மணி நேரம் வாசிக்க ஆரம்பித்தாள். நான் செய்ததன் பலன் அதுதான்.

நாங்கள் கல்லூரியில் சேர்ந்த வருடம், சென்னையில் இளைஞர்களுக்கான ஒரு பயிற்சி ஆர்கெஸ்ட்ராவுக்கு ஆள் எடுத்தார்கள். அங்கே இரண்டு மூன்று வருடம் வாசித்தால் சம்பளம் கொடுக்கிற ஆர்கெஸ்ட்ராக்களுக்கு முயற்சி செய்யலாம். மிஸ் எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேரைக் கூட்டிப் போனார். அங்கே தேர்வு நடந்த விதம் எனக்குப் புதிதாக இருந்தது. அறையின் நடுவில் உயரமாகத் திரை கட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம் தேர்வாளர்கள். வாசிப்பது ஆணா பெண்ணா, யார் வீட்டுப் பிள்ளை, எதுவும் அவர்களுக்குத் தெரியக்கூடாது. காலடிச் சத்தம்கூடக் காட்டிக்கொடுத்துவிடும் என்று செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். கொலுசையும் கழற்றச் சொன்னார்கள். நான் குனிந்து என் கொலுசைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கழற்ற ஒன்றுமில்லை. எனக்கு முந்தைய எண் அவளுக்கு. நேராக உள்ளே போனாள்.

கதவுக்கு வெளியே நின்று நான் கேட்டேன். இருவருக்கும் ஒரே பாடம்தான். அதில் ஒரு இடத்தில் வேகமாக மேலே ஏறி, உச்சியில் ஒரு சுரத்தை மெல்லத் தொட்டுவிட்டு இறங்க வேண்டும். அந்த உச்சியில் நான் எப்போதும் கொஞ்சம் அழுத்திவிடுவேன். அவள் தொட்டாள், இறங்கினாள். அவள் வெளியே வந்து, "ஒண்ணும் பயப்படாத, உள்ள ஏசி கீது, கை மட்டும் சில்லுனு ஆயிடும், தேச்சுக்கோ" என்றாள். நான் உள்ளே போனேன். உச்சியில் வழக்கத்தைவிட அதிகமாக அழுத்தினேன்.

இருவரையுமே எடுத்தார்கள். இரண்டாம் வயலின் பிரிவு, மூன்றாவது ஸ்டாண்ட். அவள் வெளிப்பக்கம், நான் உள்பக்கம்.

திரைக்குப் பின்னாலிருந்து தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் என்னை அதிகமாகக் குடைந்தது. மிஸ்ஸுக்கு அவள்மேல் பிரியம், ஏழை என்று இரக்கம் என்றெல்லாம் நான் அதுவரை எனக்குள் சொல்லிவந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அவள் யாரென்றே தெரியாது. நான் யாரென்றும் தெரியாது.

முதல் கச்சேரியைப் பார்க்க நைனா வந்திருந்தார். முடிந்ததும் கேட்டார், "நீ எதுக்கு அப்பப்ப வாசிக்கிறத நிறுத்திட்டு அந்தப் பொண்ணுக்குப் பேப்பர் திருப்பினு இருந்த?"

"அதுதான் முறை நைனா. உள்பக்கம் உக்காந்தவங்க திருப்பணும்."

"அது ஏன் திருப்பக்கூடாது?"

"அதுக்கு மார்க் ஜாஸ்தி."

நைனா காரில் ஏறினார். கார் கதவை அவர் சாத்திய விதத்தில் மீதிக் கேள்வி இருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அந்தச் சத்தத்தில் இருந்தது என் மனசிலும் இருந்ததுதான்.

வாரம்தோறும் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போய்வந்தோம். உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்குப் பஸ், அங்கிருந்து ரயில். அவள் ரயிலில் ஏறியதும் தூங்கிவிடுவாள். தாம்பரத்தில் எழுந்து என் டிபன் பாக்ஸைத் திறப்பாள். "உங்கூட்டு சட்னி சூப்பரா கீதுடி" என்று சொல்லிவிட்டு நான்கு இட்லியில் மூன்றைத் தின்பாள். என்னை அவள் சிநேகிதி என்றுதான் எல்லோரிடமும் சொன்னாள். நானும் ஆமாம் என்று சொன்னேன். அது பொய் என்றும் சொல்ல முடியாது. வழியில் யாராவது பையன்கள் வயலின் பெட்டியைப் பார்த்துக் கிண்டல் செய்தால் எனக்காக எழுந்து நிற்கிறவள் அவள்தான். அவளோடு இருக்கும்போது எனக்கு அவளைப் பிடிக்கும். அவள் வில்லைக் கையில் எடுத்ததும் பிடிக்காது.

இரண்டாவது வருடக் கடைசியில் பெரிய கச்சேரி ஒன்று. வேறு ஊர் ஆர்கெஸ்ட்ராக்களிலிருந்தும் ஆட்கள் வந்து பார்ப்பார்கள், பிடித்தவர்களைப் பிறகு கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியக் கச்சேரி. கடைசியாக வாசித்தது நாற்பது நிமிட நீளமுள்ள ஒரு சிம்பொனி. அதன் மூன்றாம் பகுதியில் இரண்டாம் வயலின்காரர்களுக்கு மட்டும் தனியாக ஒரு இடம் வரும். மற்ற எல்லோரும் அடங்கிவிடுவார்கள். அந்த இடத்துக்குச் சரியாக முன்னால் தாள் முடியும்.

முன்கூட்டியே திட்டம் போட்டேனா என்று என்னையே நிறையக் கேட்டிருக்கிறேன். இல்லை. ஆனால் திருப்பக் கை நீட்டியபோது, விரல் நுனியில் இரண்டு தாள் இருப்பது எனக்குத் தெரிந்தது. ஒன்றை விட்டுவிட நேரம் இருந்தது. நான் விடவில்லை.

புதிய பக்கத்தில் வேறெங்கோ உள்ள நோட்ஸ் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் முழங்கை விறைத்தது. அதற்கப்புறம் தலையை நிமிர்த்தி, எதிரே கோலோடு நின்று எங்களை நடத்தும் கண்டக்டரைப் பார்த்துக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தாள். அந்தப் பகுதி முழுதும் அவளுக்கு மனப்பாடம். எனக்கு மனப்பாடம் இல்லை. வில்லைக் கம்பிமேல் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல் கையை மட்டும் ஆட்டிக்கொண்டு, நூறு பேருக்கு நடுவில் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் வாசிப்பை அவ்வளவு பக்கத்தில், என் வயலின் சத்தம் குறுக்கே வராமல், அன்றுதான் முழுசாகக் கேட்டேன். இரண்டு வரி இடைவெளி வந்தபோது அவளே கையை நீட்டித் தாளைப் பின்னால் திருப்பினாள். என்னைப் பார்க்கவில்லை.

திரும்பிவரும் ரயிலில் அவள் தூங்கவில்லை. கூடுவாஞ்சேரி வரைக்கும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"ரெண்டு தாள் ஒட்டிக்கிச்சா?"

"ஆமா. வேர்வை."

"ஒட்டல. காலைல நானே ஒவ்வொரு மூலையா மடிச்சு வெச்சேன், உனுக்குத் திருப்ப ஈசியா இருக்கட்டும்னு. ரெண்டு மூலையும் தனித்தனியா நின்னுக்கினு இருந்துச்சு."

எதிரில் ஒரு அம்மாள் பூ தொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மோட்டார் ரூம் பூட்டும் உன் வேலைதானா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. கணக்குப் பாடத்தில் ஒரு வழியைச் சரிபார்ப்பது மாதிரி கேட்டாள்.

"ஆமா."

"அப்பவே எங்கம்மா சொல்லிச்சு. நான்தான் இல்லன்னு சண்ட போட்டேன்."

அப்புறம் அவளே, "எங்கம்மா உங்க கயனிக்கு வந்தப்பல்லாம் உனுக்கு ஒண்ணும் இல்ல. நான் உன் பக்கத்துல வந்து உக்காந்ததுதான் பேஜாராப் பூட்ச்சு, இல்ல?" என்றாள்.

இல்லை என்று சொன்னால் பொய். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்குள் செங்கல்பட்டு வந்துவிட்டது. இறங்கிப் பஸ் ஏறி, வழக்கம்போலப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஊருக்கு வந்தோம். வேறு சீட்டும் இருக்கவில்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஒத்திகைக்கு முன்னால், கண்டக்டரிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தாள். என் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

"நீ அங்க உக்காரு. சார்கிட்ட கேட்டுட்டேன். கொஞ்ச நாள் நான் திருப்பறேன்."

இது தண்டனையா, கருணையா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. அவள் ஒவ்வொரு தாளையும் சரியான இடத்தில், சத்தமே வராமல் திருப்பினாள். நான் நான்கு மாதம் வெளிப்பக்கம் வாசித்தேன். மோசமாக வாசிக்கவில்லை. ஆனால் உள்பக்கத்திலிருந்தும் அவள் வயலின்தான் எங்கள் ஸ்டாண்டின் சத்தமாக இருந்தது. நைனா அடுத்த கச்சேரிக்கு வந்து பார்த்துவிட்டு மிகவும் சந்தோஷப்பட்டார். காரில் வரும்போது வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். நான் கார் ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

அதற்கடுத்த வருடம் வெளிநாட்டில் ஒரு பயிற்சி இடத்துக்குத் தேர்வு. இருவரும் போனோம். அவளை எடுத்தார்கள். என்னை, யாராவது வராவிட்டால் கூப்பிடுகிறோம் என்று காத்திருப்போர் பட்டியலில் போட்டார்கள். அவளுக்கு விசா கிடைக்கத் தாமதமானது. அந்த ஆறு வாரமும் நான் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் நினைத்தது அவள் விசாவைத்தான். கிடைக்கக்கூடாது என்று எந்தச் சாமியிடமும் வேண்டிக்கொள்ளவில்லை. கிடைக்கட்டும் என்றும் வேண்டிக்கொள்ளவில்லை.

கிடைத்தது. வழியனுப்ப அவள் வீட்டார் வேன் வைத்து மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குப் போனார்கள். நானும் போனேன், நைனாவும் வந்தார். அவள் அம்மா அதற்குள் கழனி வேலையை விட்டுவிட்டு வாலாஜாபாத் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கேன்டீன் சீருடையோடே வந்திருந்தார். நைனா அவரிடம், "பொண்ண நல்லாப் படிக்க வெச்சுட்டம்மா" என்று சொன்னார். அவர் முதல்முறையாக நைனாவை நேராகப் பார்த்து, "நான் எங்க வெச்சேன். அதுவா எய்ந்து எய்ந்து போச்சு, காலைல அஞ்சு மணிக்கு" என்றார். நைனாவுக்கு அது புரியவில்லை. அன்று மாலை வீட்டில் நான் மோட்டார் கொட்டகை விஷயத்தைச் சொன்னேன். அவர், "பூட்டுப் போட்டது நான்தான" என்று மட்டும் சொன்னார். என்னைத் திட்டியிருக்கலாம். என் பங்கையும் அவரே எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

இப்போது அவளுக்கு அங்கே ஒரு சிறிய நகரத்து ஆர்கெஸ்ட்ராவில் நிரந்தர வேலை. கச்சேரி வீடியோக்களை அனுப்புவாள். நான் முதலில் பாட்டைக் கேட்க மாட்டேன். படத்தைப் பெரிதாக்கி அவள் எந்த நாற்காலியில் இருக்கிறாள் என்று பார்ப்பேன். முதல் வருடம் உள்பக்கத்தில், ஒரு நரைத்த தலைக்காரருக்குப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அன்று எனக்கு மத்தியானச் சாப்பாடு ருசித்தது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் ருசித்தது.

நான் சென்னையில் ரெக்கார்டிங்குகளுக்கு வாசித்தேன், ஒரு பள்ளியில் சொல்லிக்கொடுத்தேன். போன வருடம் அவள் மூன்று வார விடுமுறையில் வந்திருந்தபோது, சம்பளத்துக்கு ஆள் எடுக்கிற ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்கு நான் தயாராகிக்கொண்டிருந்தேன். எனக்கு அவளைத் தவிர வேறு யாரிடம் வாசித்துக் காட்டுவது என்று தெரியவில்லை. ஒரு வாரம் தயங்கிவிட்டு போன் செய்தேன். எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா நாற்காலி போட்டு, எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தார். அந்த வீட்டுக்குள் அவள் வந்து உட்கார்ந்தது அதுதான் முதல்முறை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நான் வாசித்து முடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"விரலு எல்லாம் கரெக்ட்டா கீது. ஆனா பக்கத்துல யாரோ வாசிச்சுக்கினு இருக்கிற மாதிரியும், அவங்கள நீ முந்தணும்ன்ற மாதிரியும் வாசிக்கிற. அதான் மேல போனதும் அய்த்திடற."

"பக்கத்துல நீதான் இருந்த."

"இப்ப நான் இல்ல இல்ல?" என்றாள். "எங்கியோ கீறேன். வுட்டுடு."

மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும். வெளிநாட்டுக்குக் கிளம்பும்வரை பதினொரு நாள் தினமும் வந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேட்டாள். ஒருநாள் அவளே என் வயலினை எடுத்து அந்த உச்சி இடத்தை வாசித்துக் காட்டினாள். நைனா எனக்காக வாங்கித் தந்த வயலின். இத்தனை வருடம் என் கையில் இருந்து அது அப்படிப் பேசியதே இல்லை. அவள் திருப்பிக் கொடுத்தபோது அதை வாங்கிக்கொள்ளவே எனக்கு மனசு வரவில்லை.

தேர்வில் அங்கேயும் திரை இருந்தது. உச்சியில் அந்தமுறை அழுத்தவில்லை என்று நினைக்கிறேன். வேலை கிடைத்தது. அவளுக்கு போன் செய்தேன். அங்கே அவளுக்கு ஒத்திகை இடைவேளை.

"எத்தினியாவது ஸ்டாண்ட்?" என்று கேட்டாள்.

"கடைசி."

"கடைசில வாசிக்கிறது கஷ்டம்டி. முன்னாடி இருக்கறவங்க சத்தம் லேட்டாத்தான் வரும். காத நம்பாத, முன்னாடி இருக்கறவங்க வில்லப் பாத்து வாசி."

சரி என்றேன். அவளுக்கு அங்கே எத்தனையாவது ஸ்டாண்ட் என்று கேட்டேன். இரண்டாவதுக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள். ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேன். சொல்லும்போது நெஞ்சில் அந்தப் பழைய இடத்தில் சுருக்கென்றது. அது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். சிரித்துவிட்டு, ஒத்திகை ஆரம்பிக்கிறது என்று போனை வைத்தாள்.